பிள்ளைக்கு என்று எழுதிய பணம் யார் கைக்குப் போகும்?

“எல்லாம் என் பிள்ளைகளுக்கே” என்று உயிலில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து வாழும் வீட்டில் அது ஓரளவு போதும்தான். ஒருவர் போனாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவருக்கு அந்த வரி பாதிக் கிணறு தாண்டிய கதை. சொத்து பிள்ளையின் பேருக்கு வரும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை வங்கியில் போய் நிற்க முடியாது. அதன் சார்பில் கேட்க ஒருவர் வேண்டும். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அந்த ஆள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் மற்றப் பெற்றோர்தான், எட்டு வருடமாகப் பிள்ளையை எட்டிப் பார்க்காதவராக இருந்தாலும்.

நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ லெனேசியாவிலோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரும் தகப்பன்மாரும் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது இது: நீங்கள்தான் ஒரே கார்டியனா, அதாவது பிள்ளையின் பணத்துக்கும் முக்கிய முடிவுகளுக்கும் சட்டப்படி பொறுப்பானவரா? விவாகரத்துத் தீர்ப்பில் “பிள்ளை தாயிடம் இருக்கும்” என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பிள்ளையை வைத்துப் பராமரிப்பது வேறு, கார்டியன்ஷிப் வேறு. நீதிமன்றம் குறிப்பாக மாற்றி எழுதாதவரை விவாகரத்துக்குப் பிறகும் இருவருமே கார்டியன்கள். திருமணம் ஆகாமல் பிறந்த பிள்ளை என்றால் 2005ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பிள்ளை பிறந்தபோது தகப்பன் தாயோடு நிலையான துணையாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும், அல்லது தகப்பன் என்று தன்னை ஒப்புக்கொண்டு, வளர்ப்பிலும் செலவிலும் நியாயமான காலம் பங்கெடுத்திருந்தாலும் அல்லது அதற்கு நல்லெண்ணத்தோடு முயன்றிருந்தாலும், அவருக்கு முழு உரிமை வந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை என்பது ஒன்றையே நம்பியிருக்கக் கூடாது.

மற்றவர் இறந்துவிட்டாலோ, அவருக்குச் சட்டப்படி கார்டியன்ஷிப் வரவே இல்லை என்றாலோ நீங்கள் ஒரே கார்டியன். அப்போது 27ஆம் பிரிவு உங்களுக்குப் பெரிய அதிகாரம் தருகிறது: உங்களுக்குப் பிறகு கார்டியன் யார் என்று நீங்களே நியமிக்கலாம். அந்த நியமனம் செல்லுபடியாகும் உயிலில் இருக்க வேண்டும். கடிதம், அஃபிடவிட், குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் சொன்ன சொல் எதுவும் செல்லாது. கார்டியன்ஷிப் இருவருக்கும் இருந்து, பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பு மட்டும் முழுக்க உங்களுடையது என்றால், அந்தப் பராமரிப்புப் பொறுப்பை ஒருவருக்கு உயிலில் எழுதிவைக்கலாம். மற்றவரின் கார்டியன்ஷிப்பை உங்கள் உயில் அழிக்காது. இதைக் கேட்க மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனாலும் தெரிந்துகொண்டு எழுதுவதே நல்லது.

அப்படிப்பட்ட நிலையில் பிள்ளை ஆயாவிடமோ (பாட்டி) பெரியம்மாவிடமோ இருக்க வேண்டும் என்றால், அவர்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருக்கும். சிறுவர் சட்டத்தின் 23, 24ஆம் பிரிவுகள் அதற்கு வழி தருகின்றன. நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலன் ஒன்றைத்தான். ஆகவே அவர்கள் கையில் ஆதாரம் இருக்கும்படி இப்போதே செய்யுங்கள்: ஜீவனாம்ச உத்தரவு, கட்டாத மாதங்களின் கணக்கு, பள்ளிக் கூட்டங்களுக்கு வந்தவர் யார் என்ற குறிப்பு, பிள்ளை எந்த வீட்டில் எத்தனை நாள் தங்கியது என்ற விவரம். உயிலோடு தனியாக ஒரு பக்கம், இன்னாரிடம் பிள்ளை வளர வேண்டும், காரணம் இது என்று வசை இல்லாமல் எழுதி வையுங்கள். திட்டி எழுதிய கடிதம் நீதிமன்றத்தில் எதிர்ப்பக்கத்துக்கே உதவும்.

பிள்ளையை யார் வளர்ப்பது என்பதில் நம் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. பணத்தை யார் வைத்திருப்பது என்பதில் ஏறக்குறைய முழு அதிகாரமும் நம்முடையது. பலர் முன்னதிலேயே மனத்தைச் செலுத்திப் பின்னதைக் கோட்டைவிடுகிறார்கள்.

நீங்கள் இறந்ததும் உங்கள் பணம் ஒரே வாசல் வழியாக வெளியே போவதில்லை. வீடு, கார், வங்கிக் கணக்கு உயில் வழியாகப் போகும். ஆயுள் காப்பீடு பாலிசியில் எழுதிய பெயருக்குப் போகும். பென்ஷன், பிராவிடெண்ட் ஃபண்ட் இரண்டுக்கும் வேறு வாசல். ஒவ்வொன்றும் தன் தாளில் எழுதியதையே பார்க்கும். உயிலில் எவ்வளவு அழகாக எழுதினாலும் பாலிசிக்காரர்கள் அதைப் படிக்கமாட்டார்கள்.

பாலிசியில்தான் தவறு அதிகம் நடக்கிறது. விவாகரத்தான பிறகு பழைய துணையின் பெயரை எடுத்துவிட்டுப் பிள்ளையின் பெயரைப் போடுவார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் பிள்ளை 18 வயதுக்குக் கீழே என்றால் அந்தத் தொகை பொதுவாகப் பிள்ளையின் கார்டியனிடம் தரப்படும். அதாவது, யாரைத் தவிர்க்கப் பெயரை மாற்றினீர்களோ அவரிடமே. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “என் உயிலில் ஏற்படுத்தியுள்ள டிரஸ்டின் டிரஸ்டிகள்” என்று எழுதச் சொல்லுங்கள். டிரஸ்ட் என்பது டிரஸ்டிகள் என்ற பொறுப்பாளர்கள் பிள்ளைக்காகப் பணத்தை வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு; விவரம் கீழே வருகிறது. “என் எஸ்டேட்” (நீங்கள் விட்டுச்செல்லும் மொத்தச் சொத்து) என்று எழுதினாலும் டிரஸ்டுக்குப் போய்ச் சேரும். ஆனால் அந்த வழியில் கடன்காரர்கள் முன்னால் நிற்பார்கள், உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டரின் கட்டணமும் கழியும், பல மாதம் தாமதமும் ஆகும். பாண்ட் (வீட்டுக் கடன்) கொடுத்த வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுத்த பாலிசி என்றால் வங்கி தன் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் பிள்ளைக்கு. சாவுச் செலவுக்கான ஃபியூனரல் பாலிசியில் மட்டும் பிள்ளை பெயரும் வேண்டாம், டிரஸ்ட் பெயரும் வேண்டாம். காரியத்தை முன்நின்று நடத்தப்போகும் ஒரு பெரியவரின் பெயர் இருக்கட்டும்.

பென்ஷன், பிராவிடெண்ட் ஃபண்ட், ரிட்டயர்மென்ட் அன்யுட்டி (ஓய்வுக்காலச் சேமிப்பு) மூன்றுக்கும் பென்ஷன் ஃபண்ட்ஸ் சட்டத்தின் 37சி பிரிவு. இதில் நாமினேஷன் படிவம் கட்டளை அல்ல, ஒரு வழிகாட்டி மட்டுமே. உங்களை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று ஃபண்டின் டிரஸ்டிகளே விசாரித்து, நியாயமென்று படும்படி பங்கிடுவார்கள். விசாரணைக்கு 12 மாதம் வரைகூட ஆகும். நீங்கள் மாதாமாதம் பணம் கொடுக்கும் உங்கள் அம்மாவுக்கும் ஒரு பங்கு போகலாம். இங்கே நீங்கள் செய்யக்கூடியது இரண்டு. படிவத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், அடையாள எண், பள்ளி, சிறப்புத் தேவை எல்லாவற்றையும் எழுதுங்கள். பிள்ளையின் பங்கை உயிலில் உள்ள டிரஸ்டுக்குக் கட்ட விரும்புவதாகவும் சேர்த்து எழுதுங்கள். சட்டம் அந்த வழியை அனுமதிக்கிறது. எழுதாவிட்டால், பிள்ளையின் பங்கை வைத்திருந்து கொடுக்கும் பெனிஃபிஷியரி ஃபண்டுக்குக் கட்டுவதா கார்டியனுக்குக் கட்டுவதா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அரசு ஆசிரியர்கள், நர்சுகளின் அரசு ஊழியர் ஃபண்ட் இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அதற்குத் தனிச் சட்டம், தனிப் படிவம். அதையும் நிரப்ப வேண்டும்.

இனி அந்த டிரஸ்ட். உயிலுக்குள்ளேயே எழுதப்படுவதால் நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அதற்குக் கணக்கும் இல்லை, செலவும் இல்லை. இறந்த பிறகு, இறந்தோரின் சொத்து விவகாரங்களை மேற்பார்க்கும் உயர்நீதிமன்ற மாஸ்டரின் அலுவலகம் டிரஸ்டிகளுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்ததும்தான் அது உயிர் பெறும். இதை நான் மிக வலுவாகப் பரிந்துரைக்கிறேன். ஆனால் “என் பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்ட்” என்று மொட்டையாக எழுதினால் பயன் இல்லை.

டிரஸ்டிகள் இருவரோ மூவரோ இருக்கட்டும். ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே உள்ள கணக்காளரோ வழக்கறிஞரோ ஆக இருப்பது நல்லது. வளர்க்கும் பெரியம்மாவே ஒரே டிரஸ்டியாகவும் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவர் ஆனாலும், பிள்ளை பெரியவனானதும் கேள்வி வரும். அவரைக் காப்பாற்றவும் இன்னொரு கையெழுத்து வேண்டும். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் இடத்துக்கு யார் என்று எழுதுங்கள். டிரஸ்டிகளுக்கும் எக்ஸிகியூட்டருக்கும் ஜாமீன் கட்டுவதிலிருந்து விலக்கு என்று ஒரு வரி வேண்டும். அது இல்லாவிட்டால் மாஸ்டர் ஜாமீன் கேட்கலாம். அதற்கான பிரீமியம் பிள்ளைகளின் பணத்திலிருந்து போகும். வருமானத்தை மட்டுமல்ல, முதலையும் படிப்பு, மருத்துவம், சாப்பாடு, வீட்டு வாடகைக்குச் செலவிட டிரஸ்டிகளுக்கு அதிகாரம் கொடுங்கள். இரண்டு பிள்ளைகள் சித்தி வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு அறை கட்ட வேண்டி வரும். அதற்கும் பணம் எடுக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்கிடையே வயது வித்தியாசம் அதிகம் என்றால் ஆளுக்குச் சரிபாதி என்பது பார்க்கத்தான் சமம். மூத்தவளுக்கு 17, இளையவனுக்கு 6 என்று வையுங்கள். மூத்தவளின் பள்ளிப் படிப்பு உங்கள் சம்பளத்தில் முடிந்துவிட்டது. இளையவன் பன்னிரண்டு வருடத்தையும் தன் பாதியிலிருந்தே எடுக்க வேண்டும். இளைய பிள்ளை படித்து முடிக்கும்வரை ஒரே பானை, பிறகு மிச்சத்தைப் பங்கிடுவது என்று எழுதுவதே நியாயம் என்பது என் எண்ணம். முடிவு வயதை 18 என்று வைக்காதீர்கள். 23, 25 என்று வையுங்கள். வரியையும் சேர்த்து யோசியுங்கள். சாதாரண டிரஸ்டில் தங்கும் வருமானத்துக்கு 45 சதவீதம் வரி. உயிலில் உறவினர்களுக்காக ஏற்படுத்தி, அவர்களில் கடைசிப் பிள்ளை 18க்குக் கீழே இருக்கும்வரை அது ஸ்பெஷல் டிரஸ்ட் வகை பி. தனிமனிதருக்குரிய படிப்படியான விகிதமே பொருந்தும். உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைக்காக மட்டும் என்றால் வகை ஏ. அந்தச் சலுகை 18 வயதோடு முடிவதில்லை. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அதற்குத் தனி டிரஸ்ட் எழுதச் சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளோடு கலக்க வேண்டாம்.

மிஞ்சப்போவது சிறு தொகைதான் என்றால் டிரஸ்ட் கட்டணமே அதைத் தின்றுவிடும். அப்போது கார்டியன்ஸ் ஃபண்ட் மோசமான இடம் அல்ல. உயில் இல்லாதவரின் மைனர் பிள்ளைக்கு எஸ்டேட்டிலிருந்து வரும் ரொக்கம் அங்கேதான் போகும். மாஸ்டர் நிர்வகிக்கிறார், வட்டி சேரும், படிப்புக்கும் பராமரிப்புக்கும் ரசீதுகளோடு விண்ணப்பித்து வாங்கலாம். குறை என்னவென்றால் விண்ணப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். 18 ஆனதும் முழுத் தொகையும் ஒரேயடியாகக் கைக்கு வந்துவிடும். 30 வருடம் யாரும் கேட்காவிட்டால் அரசுக்குப் போய்விடும். இப்படி ஒரு பணம் இருக்கிறது என்று பிள்ளைக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும்.

வீட்டை நேரடியாக மைனர் பிள்ளையின் பெயருக்கு எழுத வேண்டாம். பிறகு அதை விற்கவோ அடமானம் வைக்கவோ அனுமதி கேட்டு அலைய வேண்டும், பெரும்பாலும் உயர்நீதிமன்றம்வரை. டிரஸ்டுக்கு எழுதினால் டிரஸ்டிகளே முடிவெடுக்கலாம். அதற்கும் முன்னால் டைட்டில் டீடை (வீட்டுப் பத்திரம்) எடுத்து யார் பெயர் என்று பாருங்கள். “வீடு மனைவிக்கு” என்று விவாகரத்து உத்தரவு சொல்லியும் டீட்ஸ் ஆபீஸில் (பத்திரப் பதிவு அலுவலகம்) இன்னும் இருவர் பெயருமே இருக்கலாம். உத்தரவைக் காட்டி டீடில் குறிப்பு ஏற்ற வழி இருக்கிறது. சொத்துமாற்ற வழக்கறிஞரிடம் இப்போதே கொடுங்கள்.

சாட்ஸ்வொர்த் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு இன்னும் தாத்தா பேரில் இருக்கும். தாத்தா போய் இருபது வருடம் ஆகியிருக்கும், அவர் எஸ்டேட்டை யாரும் முடித்திருக்கமாட்டார்கள். அந்த வீட்டை உங்கள் உயிலில் பிள்ளைக்கு எழுத முடியாது. அதில் உங்களுக்கு வரவேண்டிய பங்கை மட்டுமே எழுத முடியும். எத்தனை வருடம் ஆனாலும் தாத்தாவின் எஸ்டேட்டை மாஸ்டர் அலுவலகத்தில் பதிந்து முடிக்கலாம். பங்காளிகள் எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே செய்துவிடுங்கள். நகராட்சியின் ரேட்ஸ் (சொத்து வரி) பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் நடக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கோயிலில் தாலி கட்டி, ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகம்) பதியாமல், பிறகு பிரிந்து வாழ்பவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். விவாகரத்து வழக்கே தேவைப்படாததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பீர்கள். ஆனால் உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் இந்து முறைப்படி மணந்தவரும் துணை என்ற கணக்கில் வருவார் என்று டர்பன் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விதவைகளுக்கு இது பெரிய பாதுகாப்பு. பிரிந்து வாழ்பவருக்கு இதுவே ஆபத்து. உயில் இல்லாதபோது துணைக்குக் கிடைப்பது ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது அதிகமோ அது. சிறிய எஸ்டேட்டில் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். பதிந்து மணந்து விவாகரத்து ஆனவர்களுக்கு வேறொரு தேதி முக்கியம்: மூன்று மாதம். விவாகரத்தான மூன்று மாதத்துக்குள் இறந்தால், பழைய உயிலில் முன்னாள் துணைக்கு எழுதியது செல்லாது. மூன்று மாதம் கடந்தும் உயிலை மாற்றாமல் விட்டால், எழுதியபடி அவருக்கே போகும்.

கையெழுத்துப் போடும் நாளில்தான் நல்ல உயில்களும் பாழாகின்றன. 16 வயதானவர் யாரும் உயில் எழுதலாம், சாட்சிக்கு 14 வயது போதும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் உங்கள் எதிரில் இருக்க வேண்டும். காலையில் ஒருவர், சாயங்காலம் ஒருவர் என்று போடக் கூடாது. நீங்கள் ஒவ்வொரு பக்கத்திலும், கடைசிப் பக்கத்தில் எழுத்து முடியும் இடத்திலும் கையெழுத்திட வேண்டும். சாட்சிகளையும் எல்லாப் பக்கத்திலும் போடச் சொல்லிவிடுங்கள். உயிலில் பயன் பெறுபவரும் அவருடைய கணவனோ மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. “பயன்” என்றால் பணம் மட்டும் அல்ல. கார்டியன், டிரஸ்டி, எக்ஸிகியூட்டர் என்று நியமிக்கப்படுவதும் சட்டத்தில் பயன்தான். பிள்ளையை வளர்க்கப்போகும் அக்காவையே பக்கத்தில் நிற்கிறாளே என்று சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால், அவள் நியமனமே போய்விடலாம். உங்களுக்காகத் தன் கையால் உயிலை எழுதிக் கொடுப்பவருக்கும் இதே தடை உண்டு. பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை செய்பவர் போதும். மின்கையெழுத்து உயிலுக்குச் செல்லாது. ஊரில் நிலத்துக்காகத் தமிழ்நாட்டில் தனி உயில் எழுதியிருந்தால், இங்கே எழுதும்போது “முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்” என்ற வழக்கமான வரியை அப்படியே விடாதீர்கள். அந்த உயிலும் சேர்ந்து போய்விடும்.

செலவுக் கணக்கு ஒன்று. வீடு 12 லட்சம், கார் 1,80,000, வங்கியில் 1,20,000; மொத்தம் 15 லட்சம் ராண்ட். எக்ஸிகியூட்டர் கட்டணம் 3.5 சதவீதம், அதாவது 52,500. அவர் வாட் பதிவு செய்தவர் என்றால் 15 சதவீதம் சேர்ந்து 60,375. வீட்டின் மேல் 5 லட்சம் பாண்ட் பாக்கி இருந்தாலும் கட்டணம் மொத்த மதிப்பின் மேல்தான். இந்த விகிதத்தைப் பேசிக் குறைக்கலாம். குறைத்ததை எழுத்தில் வாங்குங்கள். இவ்வளவு ரொக்கம் இல்லாவிட்டால் காரையோ வீட்டையோ விற்கத்தான் வேண்டிவரும், ஆகவே ஒரு சிறு பாலிசியை எஸ்டேட் பெயரிலேயே விடுவது புத்திசாலித்தனம். எஸ்டேட் டியூட்டி (இறந்தவர் சொத்தின் மேலான வரி) பெரும்பாலானவர்களைத் தொடாது: நிகர மதிப்பில் 35 லட்சம் ராண்டுக்கு மேல் போகும் தொகைக்குத்தான் 20 சதவீதம். துணையை இழந்தவர்கள், அவர் பயன்படுத்தாமல் விட்ட விலக்கையும் சேர்த்து 70 லட்சம்வரை கேட்கலாம். அதற்கு அவர் எஸ்டேட்டின் பழைய கணக்குத் தாள்கள் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இறப்புக்கு முன்னால் வரக்கூடிய நிலை ஒன்றும் உண்டு. பக்கவாதமோ விபத்தோ வந்து நினைவு தவறினால் என்ன ஆகும்? தங்கைக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கிறேன் என்பீர்கள். இந்த நாட்டில் கொடுத்தவரின் மனத்திறன் போனதும் அதுவும் போய்விடும். பிறகு உங்கள் காரியங்களைப் பார்க்க நீதிமன்றம் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அதற்கு நாளும் பணமும் ஆகும். அதுவரை வீடு ஓட, நம்பிக்கையான ஒருவர் பெயரில் மூன்று நான்கு மாதச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வைப்பது ஒன்றே எளிய வழி. பிள்ளையின் பராமரிப்புக்காக 22ஆம் பிரிவின்படி ஆயாவோடோ சித்தியோடோ ஓர் ஒப்பந்தம் செய்து, ஃபேமிலி அட்வகேட் (அரசின் குடும்ப வழக்கறிஞர்) அலுவலகத்தில் பதியலாம். பதிந்தாலோ நீதிமன்ற உத்தரவாக்கினாலோதான் அது செல்லும்.

உயிலின் அசல் எங்கே என்று இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நகலை மாஸ்டர் ஏற்கமாட்டார். நகலை வைத்து உயர்நீதிமன்றம் போவது பெருஞ்செலவு. மரணத்தை 14 நாளுக்குள் மாஸ்டருக்கு அறிவிக்க வேண்டும். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருப்பார்கள், கெடு அதற்குள் கடந்துவிடும். குவாசூலு-நட்டாலில் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் அலுவலகம் உண்டு. மரண அறிவிப்பு ஜே294, சொத்துப் பட்டியல் ஜே243. எஸ்டேட் 2,50,000 ராண்டுக்கு மேல் என்றால் எக்ஸிகியூட்டர் ஏற்புப் படிவம் ஜே190, அதற்குள் என்றால் ஜே155. இவற்றை இப்போதே அச்சிட்டு, சொத்துப் பட்டியலைப் பென்சிலில் நிரப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகரத்து உத்தரவு, பாலிசி எண்களோடு ஒரே கோப்பில் வையுங்கள். வழக்கறிஞர் கட்டணம் தடையாக இருந்தால், ஒவ்வொரு செப்டம்பரிலும் வரும் தேசிய உயில் வாரத்தில் பங்கேற்கும் வழக்கறிஞர்கள் எளிய உயிலை இலவசமாக எழுதித் தருகிறார்கள். போகும்போது அந்தக் கோப்பைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். டிரஸ்ட் பகுதியும் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி, அதுவும் இலவசத்துக்குள் வருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.